மாப்பிள்ளைக்குச் சவரம் செய்யும்போது பாடிய பையன்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கானன்ஸ்பர்க் நகராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஒரு சிலை நிற்கிறது. அது பாடும். நாங்கள் இந்தப் பக்கம் குடிவந்த முதல் குளிர்காலத்தில், வீட்டு வேலை ஒன்றுக்கு அனுமதி வாங்கப் போனபோதுதான் எனக்கு அது தெரிந்தது. பைக் வீதியில் ஆள் நடமாட்டமே இல்லை. உப்புத் தூவிய நடைபாதையில் வழுக்கிவிடுமோ என்று காலை ஊன்றி ஊன்றிப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ பாடுவது கேட்டது. மேடைப் பாட்டு மாதிரி இல்லை. தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று அடக்கிப் பாடுகிற குரல். திரும்பிப் பார்த்தால், தலைமேல் ஒரு சாண் பனியோடு ஒரு மனிதர். எங்கேயோ ஒலிபெருக்கியை மறைத்து வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் பெர்ரி கோமோ.

பிட்ஸ்பர்க் என்றால் நம்மவர்களுக்குப் பென் ஹில்ஸ் குன்றின்மேல் இருக்கும் வெங்கடேசப் பெருமாள் கோயில்தான். அந்த நகரத்திலிருந்து தென்மேற்கே 30 கிலோமீட்டர் வந்தால் கானன்ஸ்பர்க். மக்கள்தொகை 10,000-ஐத் தொடாது. ஊருக்கு வெளியே சவுத்பாயின்ட் என்று ஓர் அலுவலக வளாகம் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் வேலைக்கு வருவது அங்கே. காரிலேயே வந்து காரிலேயே போய்விடுவதால் ஊருக்குள் என்ன இருக்கிறது என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் பனிச்சிலை பாடும்வரை தெரியாது.

அன்று ராத்திரியே அவரைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். பாடகர், தொலைக்காட்சி நட்சத்திரம், கோடிக்கணக்கில் விற்ற இசைத்தட்டுகள் என்பதையெல்லாம் வேகமாகத் தள்ளிக்கொண்டே வந்தவன், ஒரு விஷயத்தில் நின்றுவிட்டேன். இந்த மனிதர் பதின்ம வயதில் இதே ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். கிரேக்கர் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்தபடியே பாடுவார். அதற்காக அவரை வெளியூர்களுக்கும் கூப்பிடுவார்கள்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரன் எவனும் அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போக முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பியத்ரோ கோமோவும் லூச்சியா த்ரவாலினியும் இத்தாலியின் அப்ருட்சோ பகுதியில், மயெல்லா மலைக்குப் பக்கத்தில் உள்ள பலேனா என்ற ஊர்க்காரர்கள். குளிர் தொடங்கினால் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே பூலியா சமவெளிக்கு நடந்து போவதும், கோடையில் திரும்பி மலையேறுவதும் அந்தப் பகுதியில் நூற்றாண்டுகளாக நடந்துவந்தது. ஊரை விட்டுக் கிளம்புவது அவர்களுக்குப் புதிதல்ல, திரும்பாமல் இருப்பதுதான் புதிது. 1880-க்கும் 1924-க்கும் இடையில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இத்தாலியர்கள் 40 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும் பகுதி தென்னித்தாலியின் நிலமில்லாத ஏழைகள். நாலு காசு சேர்த்ததும் திரும்பிப் போனவர்களும் ஏராளம். கோமோ குடும்பம் 1910-இல் வந்து தங்கிவிட்டது.

மொத்தம் 13 பிள்ளைகள். ஏழாவதாக 1912 மே 18-இல் பிறந்தவன் பியெரினோ ரொனால்ட் கோமோ. அமெரிக்க மண்ணில் பிறந்த முதல் பிள்ளை அவன்தான்.

அன்றைய கானன்ஸ்பர்க்கை இன்றைய ஊரை வைத்துக் கற்பனை செய்ய முடியாது. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள், எஃகு ஆலைகள், தகரத் தகடு அடிக்கும் ஆலை. இதையெல்லாம்விட விசித்திரமான ஒரு தொழிலும் இருந்தது: ரேடியம் பிரித்தெடுப்பது. கொலராடோவிலிருந்து தாதுவை ரயிலில் கொண்டுவந்து, இந்த ஊரில் டன் கணக்கில் கரைத்து, துளித் துளியாக ரேடியம் எடுத்தார்கள். 1921-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹார்டிங், மேரி கியூரிக்கு ஒரு கிராம் ரேடியத்தைப் பரிசளித்தபோது, கியூரி அம்மையார் கானன்ஸ்பர்க் ஆலைக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்போது பெர்ரிக்கு 9 வயது. அந்த ஆலை விட்டுச்சென்ற கழிவைப் பல பத்தாண்டுகள் கழித்து அரசாங்கம் களிமண் போட்டு மூடி வேலியடைத்தது. இன்றைக்கும் புல் முளைத்த ஒரு மேடாக அது இருக்கிறது. ரேடியம் கதைக்கும் கோமோ கதைக்கும் சம்பந்தமில்லை என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கட்டும். பிழைக்க வந்தவர்கள் எந்த மாதிரி மண்ணில் கால் வைத்தார்கள் என்று ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும்.

பியத்ரோ ஆலைத் தொழிலாளி. நல்ல குரல் வளம் உள்ளவர். 3 டாலருக்குப் பழைய ஆர்கன் ஒன்றை வாங்கி வீட்டில் போட்டிருந்தார். தவழ்ந்து எழுந்து நடக்கத் தொடங்கிய வயதிலேயே பெர்ரி நேராக அதனிடம்தான் போவானாம். துருத்தியை மிதித்து, காதில் விழுந்ததை வாசித்துப் பார்ப்பானாம். கையில் காசில்லாவிட்டாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாத்தியம் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்தார் பியத்ரோ. வீட்டில் பேச்சு இத்தாலிய மொழி மட்டும்தான். பெர்ரி பள்ளிக்கூடம் போகும்வரை ஆங்கிலம் பேசியதில்லை. என் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. பாலர் வகுப்புக்குப் போகும்வரை தமிழ் மட்டும் பேசிய என் மகள், இப்போது என் அம்மாவிடம் தொலைபேசியில் "நல்லா இருக்கேன்" என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஓட்டுகிறாள்.

ஊரில் இத்தாலியர்கள் சேர்ந்து நடத்திய பித்தளை வாத்தியக் குழு ஒன்று இருந்தது. பெர்ரி அதில் டிராம்போன் வாசித்தான். தேவாலயத்தில் ஆர்கன், கல்யாணங்களில் கிதார், பாட்டு. பாட்டை மட்டும் யாரிடமும் முறையாகக் கற்றதில்லை, கடைசிவரை.

10 வயதில் ஊரிலிருந்த ஓர் இத்தாலியரின் முடிதிருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பள்ளிக்கு முன்னும் பின்னும் கூட்டுவது, துடைப்பது. வாரம் 50 சென்ட். 13 வயதில் அவனுக்கென்று தனி நாற்காலி கொடுத்துவிட்டார்கள். ஆள் குள்ளம் என்பதால் பெட்டி ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று முடி வெட்டினான்.

இந்தக் காலத்துச் சம்பவம் ஒன்று அவரைப் பற்றிய எல்லா வரலாறுகளிலும் வருகிறது. ஒரு வாரக் கூலியைப் பையன் பகடை ஆடித் தோற்றுவிட்டான். வீட்டில் அந்தக் காசை நம்பி அடுப்பு எரிய வேண்டும். வெட்கத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பசி தாங்காமல்தான் வெளியே வந்தான். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னான். அப்பா அடிக்கவில்லை. தப்புச் செய்ய உனக்கும் உரிமை உண்டு, வாழ்க்கையில் இதைவிடப் பெரிய தப்பு எதையும் நீ செய்யாமல் இருந்தால் சரி என்கிற மாதிரி சொல்லி முடித்துவிட்டார்.

நான் இந்த இடத்தைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ஆலையில் 10, 12 மணி நேரம் நின்றுவிட்டு வருகிற, வீடு நிறையப் பிள்ளைகள் உள்ள ஒருவருக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? என் அப்பா நல்லவர். ஆனாலும் நான் ஆறாம் வகுப்பில் பள்ளிக் கட்டணத்தைத் தொலைத்துவிட்டு வந்த நாளை மறக்கவில்லை, அவரும் மறக்கவிடவில்லை.

பெர்ரிக்கு 14 வயதானபோது பியத்ரோவுக்கு இதய நோய் முற்றி வேலைக்குப் போக முடியாமல் ஆனது. குடும்பம் பிள்ளைகள் தலையில் விழுந்தது. அப்பாவின் தலையில் வெட்டிப் பழகியே கைதேர்ந்தவன், அந்த வயதிலேயே சொந்தக் கடை போட்டான். பாடகனாக வேண்டும் என்ற ஆசையெல்லாம் அப்போது கிடையாது. கானன்ஸ்பர்க்கிலேயே சிறந்த முடிதிருத்துநர் என்று பெயர் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வாடிக்கையாளர்களில் ஒரு கிரேக்கர். காபிக் கடை வைத்திருந்தார். கடையின் ஒரு பகுதியில் முடிதிருத்தும் இடமும் உண்டு. அதை நீ எடுத்து நடத்துகிறாயா என்று கேட்டார். போனான். இரண்டு ஆள் சம்பளத்துக்கு வைக்கிற அளவுக்குக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் எஃகு ஆலைக்காரர்கள். கூலி வாங்கிய கையோடு சிங்காரித்துக்கொள்வதில் கஞ்சத்தனம் பார்க்காதவர்கள். கிரேக்கர் வழக்கத்தில் மாப்பிள்ளைச் சவரம் ஒரு சடங்கு. மாப்பிள்ளையும் தோழர்களும் மொத்தமாகக் கடைக்கு வந்துவிடுவார்கள். உதவியாளர்கள் இருவரும் தோழர்களைப் பார்த்துக்கொள்ள, பெர்ரி மாப்பிள்ளையை நாற்காலியில் சாய்த்து, நுரை தடவி, கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே காதல் பாட்டுப் பாடுவான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பணம் வைத்துவிட்டுப் போவார்கள். இந்த 'கல்யாணச் சவரக்காரன்' பெயர் பரவி, பிட்ஸ்பர்க்குக்கும் ஒஹாயோவுக்கும்கூடக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இப்போது கோபிக் கதைக்கு வருகிறேன்.

கொங்கு நாட்டில், எங்கள் கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களில், தாலி கட்டி முடிந்ததும் மங்கல வாழ்த்து என்று ஒரு நீண்ட பாட்டுச் சொல்வார்கள். கம்பர் எழுதிக் கொடுத்தது என்பது ஊர் நம்பிக்கை. பிள்ளையார் வணக்கத்தில் தொடங்கி, பந்தல் போட்டது, சீர் வந்தது, மாப்பிள்ளை குளித்தது, உடுத்தியது என்று கல்யாணம் முழுவதும் வரிசையாக அதில் வரும். ஒவ்வொரு அடி முடிவிலும் மேளத்தில் ஒரு தட்டு விழும். அதைச் சொல்லுகிறவர் புரோகிதர் அல்ல, பெரியவர்கள் யாரும் அல்ல. ஊர் நாவிதர். குடிமகன் என்போம். காலையில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்த அதே ஆள், சில மணி நேரம் கழித்துச் சபை நடுவில் நின்று கம்பர் பெயர் தாங்கிய தமிழைத் தங்குதடையில்லாமல் மனப்பாடமாகச் சொல்லுவார். கத்தியும் பாட்டும் ஒரே ஆள் கையில்.

எங்கள் ஊரில் அதைச் சொன்னவருக்கு நான் சிறுவனாக இருக்கும்போதே அறுபது வயது இருக்கும். நாலு வயது நான் அவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்று கூப்பிட்டேன். அவர் என்னைச் "சாமி" என்றார். அதில் தப்பு இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அறுப்புக் காலத்தில் களத்துக்கு வந்து கடைசியில் நிற்பார். தானியம் அளந்து போடுவோம். வருசக் கூலி அதுதான். பாட்டுக்குத் தனியாக வேட்டி, தேங்காய், கொஞ்சம் பணம்.

அவர் மகன் என் வகுப்பில் படித்தான். நல்லாப் பாடுவான். ஆண்டு விழாவில் அவன் பாடி முடித்ததும் ஒரு வாத்தியார், "பின்ன, பரம்பரைச் சொத்தாச்சே" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவன் அதற்குப் பிறகு மேடையேறியதாக எனக்கு ஞாபகமில்லை.

கானன்ஸ்பர்க்கில் நடந்ததும் எங்கள் ஊரில் நடந்ததும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பியத்ரோ ஆலைத் தொழிலாளி. அவர் மகன் கத்தியை எடுத்தது பக்கத்தில் வேலை கிடைத்ததால். வேண்டாமென்றால் கீழே வைத்துவிடலாம். எங்கள் ஊர்ப் பெரியவருக்கு அது பிறக்கும்போதே கையில் இருந்தது. வித்தியாசம் இந்த ஒரு இடத்தில்தான், ஆனால் எல்லாமே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அதற்காக அமெரிக்காவுக்கு மாலை போடவும் நான் தயாராக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாட்டின் பல நகரங்களில் வெள்ளையர்களுக்குச் சவரம் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அடிமைக் காலத்தோடு ஒட்டிவந்த ஏவல் வேலை அது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிலர் நன்றாகவே முன்னேறினார்கள். பிறகு ஜெர்மானியர்களும் இத்தாலியர்களும் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, கறுப்பினத்தவர்கள் கைவிட்டுப் போனது அந்தத் தொழில். பெட்டிமேல் ஏறி நின்ற 13 வயதுப் பையனுக்குக் கிடைத்த நாற்காலிக்கு இப்படியும் ஒரு முன்கதை உண்டு.

இத்தாலியர்களையும் யாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. 1923 ஆகஸ்டில், இங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் கார்னெகி என்ற ஊரில், கத்தோலிக்கக் குடியேறிகளை மிரட்டுவதற்காக கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் வந்தார்கள். ஊர்க்காரர்கள் மறித்தார்கள். கலவரத்தில் க்ளான்காரர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அப்போது பெர்ரிக்கு 11 வயது, கடையில் தரை கூட்டிக்கொண்டிருக்கிறான். அடுத்த வருடம் வந்த குடியேற்றச் சட்டம் இத்தாலிக்கு ஒதுக்கியது வருடத்துக்கு 3,845 இடங்கள். அதற்கு முன் சில வருடங்களில் 2 லட்சத்துக்கும் மேல் வந்துகொண்டிருந்த நாடு அது. கோமோ குடும்பம் 14 வருடம் தாமதித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. விசா வரிசையில் நிற்கிற என் நண்பர்கள் எல்லாருக்கும் இந்த எண்ணைச் சொல்லிவிட்டேன். ஆறுதல் என்று எடுத்துக்கொண்டவர் யாருமில்லை.

1932-இல் பெர்ரி கானன்ஸ்பர்க்கை விட்டு, வடக்கே மீட்வில் என்ற ஊரிலிருந்த மாமா கடைக்குப் போனார். அங்கே ஒரு நாள் நண்பர்களும், காதலி ரோசெல்லும் சேர்ந்து நடன விடுதிக்குப் போனார்கள். ஃப்ரெடி கார்லோன் என்பவரின் வாத்தியக் குழு. கூட்டத்தில் யாராவது பாட வரலாம் என்று கூப்பிட்டார்கள். பெர்ரிக்கு நடுக்கம். நண்பர்கள் முதுகில் கை வைத்துத் தள்ளி மேடையேற்றினார்கள். பாடினார். கார்லோன் அங்கேயே வேலை கொடுத்தார்.

கணக்கு இதுதான். கத்திரியைப் பிடித்தால் வாரம் 125 டாலர். மைக்கைப் பிடித்தால் வாரம் 28 டாலர். நாடு பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடக்கிறது. வேலை செய்யக்கூடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வீட்டில் அப்பா நோயாளி.

முடிவெடுக்கத் தெரியாமல் அப்பாவிடம் கேட்கத் திரும்பி வந்தார். கடையை விடாதே என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்தார். பியத்ரோ போ என்றார். போய்ப் பார்க்காவிட்டால் உன்னால் முடிந்திருக்குமா முடியாதா என்று கடைசிவரை உனக்குத் தெரியாமலே போய்விடும் என்றார்.

எனக்கு இந்தக் கதையில் பெர்ரி கோமோ பெரிய ஆளாகத் தெரிவதில்லை. 20 வயதில் மேடைப் பைத்தியம் பிடித்து ஓடுவது யாருக்கும் நடக்கக்கூடியது. வாரம் 97 டாலர் வீட்டுக்கு வராமல் போகும் என்று தெரிந்தும், நாளைக்கு மருந்துக்குக் காசிருக்குமா என்று தெரியாத நிலையிலும், போ என்று சொன்னாரே ஓர் ஆலைத் தொழிலாளி, துணிச்சல் அவருடையது. நம்மூரில் எனக்குத் தெரிந்த அப்பாக்கள் எல்லாரும், என்னையும் சேர்த்துத்தான், "மொதல்ல ஒரு டிகிரிய முடி, அப்பறம் என்ன வேணாப் பண்ணு" என்கிற கட்சி. அந்த 'அப்பறம்' வந்து நான் பார்த்ததில்லை. பியத்ரோ கையில் ஒரு தைரியம் இருந்தது என்று நினைக்கிறேன்: பாட்டு கைவிட்டால் மகனுக்குத் தொழில் தெரியும். முடி வளர்வது நிற்கப் போவதில்லை.

1933 ஜூலை 31-இல் ரோசெல்லைக் கல்யாணம் செய்துகொண்டார். கார்லோனோடு மூன்று வருடம், பிறகு 1936-இலிருந்து டெட் வீம்ஸ் என்ற பெயர்பெற்ற வாத்தியக் குழுத் தலைவரோடு. ஊர் ஊராகப் பேருந்திலும் ரயிலிலும் அலைச்சல். 1940-இல் மகன் பிறந்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வாழ்க்கையை ஓட்ட முடியவில்லை. ரோசெல் குழந்தையோடு ஊரில் தங்கினார். 1942-இல் உலகப்போர் காரணமாக வீம்ஸ் குழு கலைந்தது. கோமோ பெட்டியைக் கட்டிக்கொண்டு கானன்ஸ்பர்க்குக்கு வந்துவிட்டார். சினிமாவில் என்றால் இங்கே சோக இசை வரும். அவருக்கு அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. குடும்பத்தோடு இருக்கலாம், கடையைத் திறக்கலாம் என்று, வாடகைக்கு இடம் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் இத்தாலியக் குடும்பங்களுக்குச் சாதாரண வருடமில்லை. முசோலினியோடு போர் என்பதால், குடியுரிமை வாங்காமல் இருந்த சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் 'எதிரி நாட்டவர்' ஆக்கப்பட்டார்கள். அடையாளப் புத்தகம் வாங்க வேண்டும், குறுகிய அலைவரிசை வானொலி வைத்திருக்கக் கூடாது, அனுமதியில்லாமல் பயணம் போகக் கூடாது. மகன் அமெரிக்கப் படையில் இருக்க, அம்மா 'எதிரி'யாகப் பதிவு செய்துகொண்ட வீடுகள் உண்டு. அக்டோபர் 12, கொலம்பஸ் தினத்தன்று அதை விலக்கினார்கள். இத்தாலியர் ஓட்டு தேவைப்பட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கும் அது நியாயமான சந்தேகமாகவே படுகிறது.

கடைக்கு வாடகை பேசி முடியும் முன், நியூயார்க்கிலிருந்து தொலைபேசி வந்தது. சிபிஎஸ் வானொலியில் நிகழ்ச்சி, வாரம் 100 டாலர், ஊர் ஊராக அலைய வேண்டாம். கோமோ தயங்கினார். போய்ப் பாருங்கள், சரிப்படாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கடை வைக்கலாம் என்று ரோசெல் சொன்னாராம். பத்து வருடம் முன்பு பியத்ரோ சொன்னதன் மறுபாதி அது.

மீதியை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். 1943-இல் ஆர்சிஏ விக்டர் இசைத்தட்டு ஒப்பந்தம். 1945-இல், போலந்து இசைமேதை ஷோப்பேனின் பொலனேஸ் என்ற நடன இசை ஒன்றை அடியொற்றிய பாட்டு நாடு முழுக்க முதலிடத்தில். பியத்ரோ இறந்ததும் அந்த 1945-இல்தான். 1948 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தொலைக்காட்சி. 1959-இல் ஒரு பாலாடைக்கட்டி நிறுவனத்தின் நிகழ்ச்சிக்கு 2.5 கோடி டாலர் ஒப்பந்தம். கோட்டுக்குப் பதில் பின்னல் சட்டை, உயரமான முக்காலி, எதற்கும் அவசரமில்லாத முகம். அவரைவிட மூத்த பாடகர் பிங் கிராஸ்பி, சாவகாசம் என்ற விஷயத்தையே கண்டுபிடித்தவர் இவர்தான் என்றார். 2001 மே 12-இல், 89 வயது முடிய ஆறு நாள் இருக்கும்போது, ஃப்ளோரிடாவில் இறந்தார்.

அந்தச் சாவகாசத்தைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. நிரூபிக்கவெல்லாம் முடியாது. இவர் பாட்டின் முதல் ரசிகன், கண்ணை மூடிக் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தவன். தொண்டைக்குழிமேல் கத்தி. அவன் திடுக்கிடக் கூடாது, சிரிக்கவும் கூடாது. அப்படிப்பட்டவன் காதுக்குப் பக்கத்தில் எப்படிப் பாட முடியுமோ அப்படித்தான் இவர் கடைசிவரை பாடினார். பழைய தொலைக்காட்சிப் பதிவுகளை இந்த எண்ணத்தோடு பாருங்கள். கைகூட அதிகம் அசையாது.

இந்தப் பள்ளத்தாக்குகளில் வேறென்ன இருந்ததோ தெரியவில்லை. கானன்ஸ்பர்க்கிலிருந்து மேற்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குள், ஒஹாயோ ஆற்றங்கரையில் ஸ்டூபன்வில். அங்கே 1917-இல் பிறந்த டீனோ குரோசெட்டி பிற்பாடு டீன் மார்ட்டின் ஆனார். அப்பா முடிதிருத்துநர். அவரும் அப்ருட்சோக்காரர்தான். அதே ஆற்றில் மேலே போனால் அலிக்விப்பா. அங்கே எஃகு ஆலையில் வேலை பார்த்த இன்னொரு அப்ருட்சோக்காரர், தன் மகனுக்கு எட்டு வயதில் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்தார். அந்த மகன் ஹென்றி மான்சினி. 'பிங்க் பேந்தர்' இசை என்றால் நம்மூர்க் குழந்தைக்கும் தெரியும். ஒரே மலைநாட்டிலிருந்து வந்த மூன்று குடும்பங்கள், மூன்று ஆலை ஊர்கள். காரணம் கேட்டால் பலரும் 'இத்தாலியர் ரத்தத்தில் இசை' என்பார்கள். 'பரம்பரைச் சொத்து' என்று சொன்ன எங்கள் வாத்தியாரின் அண்ணன் தம்பி அந்த வாக்கியம். 3 டாலர் ஆர்கனையும், ஊருக்கு ஊர் தொழிலாளிகள் நடத்திய பித்தளை வாத்தியக் குழுக்களையும் ரத்தத்தின் கணக்கில் எழுதிவிட எனக்கு மனமில்லை.

எங்கள் தெருவில் ஒரு இத்தாலியப் பாட்டி இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். கல்யாணங்களுக்குச் சொந்தக்காரப் பெண்கள் வீட்டுக்கு வீடு பிஸ்கட் சுட்டு எடுத்துவந்து ஒரு நீள மேசை நிறைய அடுக்குவது இந்த வட்டாரத்துப் பழக்கம். பாட்டி அதற்காகப் பிட்செல்லே சுடுவார். பூ வடிவ இரும்பு அச்சு, மாவு, சோம்பு மணம். முதல் தடவை கொடுத்தபோது நான் "எங்க ஊர் அச்சு முறுக்கு" என்றேன். நாங்கள் எண்ணெயில் பொரிப்போம், அவர் இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சுடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் அப்ருட்சோ பலகாரமாம். கோமோவைப் பற்றிக் கேட்டேன். பாட்டு அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "எங்க மாமாவுக்கு அவர்தான் முடி வெட்டினார்" என்றார் பெருமையாக.

போன வருடம் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். தாலி கட்டியாயிற்று. மங்கல வாழ்த்து ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தால் யாரும் இல்லை. மண்டபத்து ஒலிபெருக்கியில் பென் டிரைவில் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு பாடகர் குரல், பின்னால் கீபோர்டு.

பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டேன். இருந்தார். மண்டபத்தின் பின்வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், எல்லாரையும் போல மொய் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தார். கிட்டத்தட்ட நூறு வயது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்றேன். என் வாயில் அந்த 'ங்க' புதிதாக இருந்தது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. "ஆருங்க?" என்று உற்றுப் பார்த்தார். அப்பா பேரைச் சொன்னேன். சிரித்தார். "சாமி" வரவில்லை.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். பேரன் பெங்களூரில் சாப்ட்வேர். "அவனுக்கு நாலு வரி தெரியுமுங்க. சொல்லிக் குடுத்தேன். வேண்டான்னுட்டாங்க" என்றார். வேண்டாமென்றது பேரனா, மகனா, அவரேயா என்று நான் கேட்கவில்லை.

ஒலிபெருக்கியில் வாழ்த்து ஓடிக்கொண்டே இருந்தது. பதிவு செய்தவர்கள் அடிக்கு அடி மேளத்துக்காக விடும் இடைவெளியை விடவில்லை, வரியை வரியோடு ஒட்டிவிட்டிருக்கிறார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் விரல் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் தட்டிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு அடி முடிவிலும், பாட்டுக்குக் கொஞ்சம் பிந்தி.